இயர்போனோடு முடிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த காது பற்றிய கட்டுரை, இளவட்டங்களின் இயர்போனைக் கண்டித்ததோடு நின்றுவிட்டது. செல்லூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்குக் காதுப் பரிசோதனை செய்கிறவள் நான். விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். கட்டுரைக்குக் கீழேயே ‘காது நரம்புக்குப் புத்துயிர்’ என்று ஒரு மாத்திரை விளம்பரம் போட்டிருக்கிறீர்களே, அதையும் சேர்த்துத்தான்.

தறிக்காரர்கள் யாரும் காது கேட்கவில்லை என்று வருவதில்லை. “கேக்குதும்மா, என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல” என்பார்கள். ‘பத்து’ என்றால் ‘பட்டு’ என்று திருப்பிச் சொல்வார்கள். கூட்டிவந்த வீட்டம்மா, “டிவிய அலற விடுறாரு, தெருவே கேக்குது” என்பார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்லியாவில் பிறக்கும்போதே சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அதிர்வை நரம்புக்குப் புரிகிற சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். ஓயாத இரைச்சலில் இவற்றின் நுனி இழைகள் மடங்கி ஒடிகின்றன. செல்லுக்குள் நச்சுக் கழிவு சேர்ந்து செல்லே செத்துப்போகிறது. முதல் அடி 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் சுருதிக்கு. பேச்சில் உயிரெழுத்தின் பலம் கீழ்ச் சுருதியில் இருப்பதால் குரல் கேட்கும், மெய்யெழுத்துகள் குழம்பும். பரிசோதனைத் தாளில் கேள்வித்திறனைக் காட்டும் கோடு அந்தச் சுருதியில் பள்ளமாக இறங்கி, மறுபடி ஏறும். பார்த்ததுமே “தறியா, லேத்தா?” என்று கேட்டுவிடுவேன்.

கோழிக்குச் செத்த மயிர்ச்செல் மறுபடி முளைக்கும், 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நமக்கு முளைக்காது. முளைக்க வைக்க வெளிநாடுகளில் மருந்துகளைச் சோதித்தார்கள், ஒன்றும் தேறி வரவில்லை. பிறகு உங்கள் விளம்பரக்காரர் மட்டும் எதற்குப் புத்துயிர் கொடுக்கிறாராம்? காது மிஷின் வைத்தால் சத்தம் கூடும், பழைய தெளிவு முழுசாக வராது. “பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து வைக்கிறார்களே, அது?” என்றும் கேட்கிறார்கள். அது காக்லியர் கருவி, மிஷினாலும் பலன் இல்லாத அளவுக்குக் கேள்வித்திறன் போனவர்களுக்கு. தறிக்காரர்களில் பெரும்பாலோர் அந்த நிலையில் இல்லை.

திருவிழாவில் வேட்டு பக்கத்திலேயே வெடித்துக் காது அடைத்துப்போனால் அது வேறு கதை. அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்றில்லை, ஆனால் நாள் தள்ளினால் அந்த வாய்ப்பும் போச்சு. நல்லெண்ணெய் காய்ச்சி மட்டும் ஊற்றாதீர்கள்; செவிப்பறை கிழிந்திருந்தால் வம்பாகிவிடும். அடைப்பு தானாக விட்டாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. 2009இல் அமெரிக்காவில் எலிகளுக்கு 100 டெசிபல் சத்தத்தை இரண்டே மணி நேரம் கேட்க வைத்தார்கள். கேள்வித்திறன் பழையபடி திரும்பியது. ஆனால் மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் சில இடங்களில் பாதி வரை அழிந்திருந்தன.

இரைச்சலால் காது போவது நம் தொழிலாளர் சட்டத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பும் இருக்கிறது (85 தாண்டினாலே ஆபத்து என்கிறது உலகம்). நாலு தறி, ஆறு தறி போட்டு வீட்டோடு நடத்துகிற கூடத்துக்குள் இந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதே இல்லை. முதலாளிக்கும் அதே காதுதான் போகிறது என்பது வேறு விஷயம்.

பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. நுரை அடைப்பான் ஜோடி ஒரு டீ, வடை விலைதான். விரலில் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, உள்ளே உப்பும் வரை அரை நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் வைத்ததும் வைக்காததும் ஒன்று. தறி ஓடும்போது பக்கத்தாள் பேச்சை எப்படியும் வாயசைவில்தான் பிடிக்கிறார்கள், ஆகவே பேச்சு கேட்காதே என்ற கவலையும் வேண்டாம்.

சுகாதாரத் துறை செல்லூரில் காதுப் பரிசோதனை முகாம் நடத்தினால் நல்லது. அதைத் திங்கட்கிழமை காலையில், தறி ஓட்டுமுன் வைக்கட்டும். வேலை முடிந்த கையோடு வருகிறவருக்குத் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு பார்த்தால்தான் நிரந்தரமாகப் போனது எவ்வளவு என்று தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.