தோளுக்குப் பொருந்தும் துப்பாக்கி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்ததும், நீ பிரான்சில் வேட்டைப் பரீட்சையில் தேறி 'பெர்மி' (வேட்டை உரிமம்) வாங்கியதும் ரெட்டைச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். நீ எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை, அதனால் நேராக அதற்கே வந்துவிடுகிறேன்.

பெரெட்டாவா, பிரவுனிங்கா என்று கேட்டிருந்தாய். இரண்டுமே நம்பி வாங்கலாம். பெரெட்டா குடும்பம் 1526 முதல் குழல் செய்து வருகிறது. ஆனால் பெயரைப் பிறகு பார்; முதலில் உன் தோளைப் பார். அப்பாவின் இரட்டைக்குழல் ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சுக்காரர் காலத்தில் வாங்கியது, உன் லியோனுக்குப் பக்கத்தில் இருக்கும் சேந்த்-எத்தியேனில் செய்தது. 1971-இல், எனக்கு 14 வயதில், ஊசுட்டேரிக் கரையில் அதை என் கையில் கொடுத்தார். தோளில் வைக்கும் மரக்கட்டை எனக்கு ரொம்ப நீளம். தோள் குழியில் உட்காராமல் புஜத்தில் நின்றது. சுட்டதும் உதைத்த உதையில் கன்னம் வீங்கி, மூன்று நாள் ஒரு பக்கமாகத்தான் சோறு மென்றேன். அது துப்பாக்கியின் குற்றமில்லை, அளவு என்னுடையது இல்லை, அவ்வளவுதான்.

கடையில் இப்படிச் செய். துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை திறந்து பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, கண்ணைத் திற. குழலுக்கு மேல் ஓடும் பட்டை ஒரே கோடாகவும், முனையில் குறி பார்க்க இருக்கும் சிறு மணி அதன் நடுவிலும் தெரிய வேண்டும். பட்டையே தெரியாமல் பின்பக்கம் மறைத்தால் கட்டை உனக்குத் தாழ்வு. நாலைந்து முறை ஏற்றிப் பார்த்தும் கழுத்து வளைந்து தேடினால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதே. கட்டையை அறுக்கவோ நீட்டவோ நல்ல ஆசாரி இருந்தால் சரி.

பறவையும் சுட வேண்டும், வானில் வீசும் களிமண் தட்டும் சுட வேண்டும் என்கிறாய். வருஷத்தில் முக்கால்வாசி நாள் தட்டுதான் சுடுவாய், அதை மனதில் வை. ஒன்றன்மேல் ஒன்றாக மேல்-கீழ் குழல், 12 போர் (குழல் வாயின் அளவு), குழல் நீளம் 28 அல்லது 30 அங்குலம், மாற்றிப் போடும் சோக் (குண்டுகள் ரொம்பப் பரவாமல் குழல் வாயைக் குறுக்குவது), எடை மூன்றேகால் கிலோ சுமார். ட்ராப் எனும் தட்டு சுடும் போட்டிக்கென்றே செய்த துப்பாக்கி மட்டும் வேண்டாம். எழும்பிப் போகும் தட்டுக்காக அது சற்று மேலே சுடும். வயலில் குறுக்கே பறக்கும் கவுதாரியைத் தவறவிடுவாய். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 ஒலிம்பிக்கில் உங்கள் பிரான்சின் ஷாத்தோரூவில் ட்ராப் சுட்டாரே, அந்தத் தட்டு வெறும் 110 மில்லிமீட்டர் அகலம். அதற்கென்றே வடித்த ஆயுதம் வேறு, உன் தேவை வேறு.

மலிவான புதுசைவிட நல்ல பழசு மேல் என்பதுதான் என் கட்சி. பழசென்றால் குழலைக் கழற்றி, கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் ஒரு தட்டுத் தட்டு. கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தால் பட்டையின் பற்று உறுதி. 'டொக்' என்று செத்துப்போனால் எங்கோ விட்டிருக்கிறது. அப்பா இதைச் செய்துகாட்டும்போது தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். அப்புறம் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார். நெளிவில்லாத வட்ட வட்டமாக நிழல் போக வேண்டும்.

இன்னொன்று முக்கியம். 2023 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏரி, சதுப்பு, அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை ஈய ரவை (தோட்டாவில் வரும் சிறு குண்டு) கூடாது. வாத்துக்குப் போனால் எஃகு ரவைதான். குழலில் எஃகுக்குச் சோதித்ததற்கான லில்லிப்பூ (ஃப்ளெர்-த-லிஸ்) முத்திரை இருக்கிறதா பார். அரை சோக்குக்கு மேல் இறுக்கமும் வேண்டாம். அப்பாவுடையது மாதிரி அந்தக் காலத்து மெல்லிய குழலில் எஃகு போடவே போடாதே.

1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அப்பா வேட்டைக்குப் போகவே இல்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை. ஊசுட்டேரி இப்போது சரணாலயம். நாம் பதுங்கிக் கிடந்த அதே கரையில், போன வாரம் பேரனுக்கு நாமக்கோழி காட்டினேன்.

மூன்று நாலு கடை ஏறிப் பார். எது தோளில் தானாக உட்கார்ந்தது என்று எழுது. முடிந்தால் ஒருநாள் சேந்த்-எத்தியேனுக்கும் போய்விட்டு வா, எனக்காக.

உன்,
முத்து