ரொமேரோ ஆண்டகையின் விருதுவாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயர்களின் இலச்சினைகள், விருதுவாக்குகள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மத்திய அமெரிக்காவின் எல்சல்வடோர் நாட்டுப் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ ஆண்டகையின் ‘திருச்சபையோடு ஒன்றி உணர்தல்’ என்ற விருதுவாக்குக்கு ‘மேலிடத்துக்குக் கீழ்ப்படிதல்’ என்று ஒரே வரியில் பொருள் சொல்லி முடித்துவிட்டார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1970ல் துணை ஆயரானபோது அவரும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருப்பார். பழமைப் பிடிப்புள்ளவர். இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலிலிருந்து எடுத்தது அந்த விருதுவாக்கு. 1977 பெப்ரவரியில் பேராயரானார். ஒரு மாதம் ஆகவில்லை, அவருடைய நண்பரான இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராண்டே பூசைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூடப் போன முதியவர் ஒருவரையும் ஒரு பொடியனையும் சேர்த்தே கொன்றார்கள். அந்தக் கொலையைக் கண்டித்து, அடுத்து வந்த மார்ச் 20 ஞாயிறு, மறைமாவட்டம் முழுவதற்கும் பேராலயத்தில் ஒரே பூசை, வேறெங்கும் கிடையாது என்று அறிவித்தார் ரொமேரோ. பாப்பரசரின் தூதுவரே அதை விரும்பவில்லை. மேலிடத்துக்குக் கீழ்ப்படிதல் என்றால் அந்தப் பூசை நடந்திருக்குமா? அப்புறம் ஞாயிறு மறையுரைகளில் கொல்லப்பட்டவர்கள், காணாமற்போனவர்களின் பெயர்களை வாசித்தார். சனங்கள் வானொலியில் கேட்டார்கள். 1980 மார்ச் 24 பூசை வைக்கையில் அவரையும் சுட்டார்கள். விருதுவாக்கு கடைசிவரை அதேதான்.

மட்டக்களப்பில் இதை விளங்கப்படுத்தத் தூரம் போகவேண்டியதில்லை. போர்க்காலத்தில் மக்களுக்காகப் பேசிய பிரஜைகள் குழுவுக்குத் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ல் சுட்டுக் கொல்லப்பட்டார். புளியந்தீவு புனித மரியாள் ஆலயப் பங்குத்தந்தை அவர். மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கர் ஹேபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு விழா அன்று, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது காணாமற்போனார். உடன் வந்த தமிழ்ப் பொடியனும் இன்றுவரை இல்லை. ஹேபர்ட் அடிகளாரும் இயேசு சபைக்காரர். அதே இஞ்ஞாசியாரின் பயிற்சிகளில் வளர்ந்தவர். இவர்கள் ஆயர்கள் அல்ல, இலச்சினையும் இல்லை. ஆனாலும் திருச்சபையோடு ஒன்றி உணர்வது என்றால் யாரோடு என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை எழும்பி, “அப்ப டீச்சர், எங்கட அம்மம்மா மாமாட படத்தோட காந்தி பூங்காவில போய் நிக்கிறா. அந்தப் பேரையும் பூசையில வாசிப்பாங்களா?” என்று கேட்டது. காணாமற்போனவர்களின் உறவினர் படங்களோடு கூடி நிற்கும் இடம் அந்தப் பூங்கா. நியாயமான கேள்வி. பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மார்ச் 24 புனித ரொமேரோவின் திருநாள். அதற்கு முன்னர் அந்த ஒற்றைப் பூசையின் கதையை அரைப்பக்கமாவது போடுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்டிவைக்க இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

மறைக்கல்வி ஆசிரியை,
தாண்டவன்வெளி, மட்டக்களப்பு.