ஆவியாக்கி நின்றால் தொட்டியில் விஷவாயு: திருப்பூர் சாய ஆலை உரிமையாளர்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலைய நிர்வாகிகளுக்கும் திறந்த மடல்

அன்புடையீர்,

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் விடாமல்தான் தொழில் நடத்த முடியும் என்றானது. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 'வெளியேற்றம் பூஜ்ஜியம்' என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு ஒரு நிலையத்தை நல்ல நிலையம் என்று சொல்லிவிட முடியாது. அதற்காகப் பாய்லரில் எவ்வளவு விறகு எரிந்தது, யார் தொட்டிக்குள் இறங்கினார் என்பதும் அதே கணக்கில் வர வேண்டும். இவை தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல.

முதலில் விறகு. ஆர்.ஓ. (சவ்வு வழியே நீரை வடிக்கும் முறை) கழித்துவிடும் உப்பு நீரை, பாய்லர் நீராவியால் சூடாகும் அடுக்கு ஆவியாக்கியில் காய்ச்சுகிறோம். நன்றாக ஓடும் ஆவியாக்கியில் 1 கிலோ நீராவி சுமார் 3.5 கிலோ தண்ணீரை ஆவியாக்கும். ஆக 1,000 லிட்டருக்கு 290 கிலோ நீராவி வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 4 கிலோ நீராவி தரும் என்று வைத்தால், 70 கிலோவுக்குச் சற்று மேல் விறகு போகும். பாதி எடை ஈரமாக இருக்கும் விறகென்றால் ஏறத்தாழ இரு மடங்கு. நாளுக்கு 50 லட்சம் லிட்டர் கையாளும் நிலையத்தில் ஆர்.ஓ. கழிவு 10 சதவீதம் என்றால் தினம் 36 டன் விறகு. அதை 7 சதவீதமாக்கினால் 25 டன். எனவே பணத்தை முதலில் ஆர்.ஓ.வுக்கு முந்தைய சுத்திகரிப்பிலும் கடினத்தன்மை நீக்கத்திலும் போடுங்கள். விறகை எடை போட்டு வாங்கும்போதே ஈரமானியால் அளந்து, ஈரம் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விலையைக் குறையுங்கள்.

ஆபத்து தொடங்குவதும் இந்த இடத்தில்தான். கால்சியமும் சிலிக்காவும் ஆவியாக்கிக் குழாய்களில் படிவமாக ஒட்டுகின்றன. வெப்பம் உள்ளே ஏறாது. 290 கிலோ நீராவி 350 ஆகும், 400 ஆகும். ஆர்டர் நெருக்கடியில் கழுவுவதைத் தள்ளிப்போட்டால் கடைசியில் ஆவியாக்கி தானாகவே நிற்கும். சாயமிடுதலோ நிற்பதில்லை. போக வழியில்லாத கழிவுநீர், தொட்டிகளில் தேங்குகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, தொட்டிக்குக் காற்றூட்டும் ஏரேட்டரையும் அணைத்துவிடுகிறார்கள். துணியில் சாயம் பிடிக்கப் போடும் கிளாபர் உப்பு ஒரு சல்பேட்; காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவாக்கும். அந்த நேரத்தில் பி.எச். சரி செய்ய யாராவது அமிலத்தைக் கொட்டினால் வாயு மொத்தமாகக் கிளம்பும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பி இறங்குகிறவர்கள் உண்டு. காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கு சேர்ந்ததும் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். 700-ஐத் தாண்டினால் சில மூச்சிலேயே உயிர் போய்விடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில்தான் தங்கும். மேன்ஹோல் வாயில் வைத்த மீட்டர் பூஜ்ஜியம் காட்டுவதை நம்பாதீர்கள். சேறு அசையாதவரை வாயு அதற்குள் அடைபட்டிருக்கும். இறங்கியவர் முதல் அடி வைத்ததும் குமிழ் குமிழாக வெளியேறும். அதனால்தான் சோதித்த பிறகும் ஆள் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார்.

சேற்றை மேலிருந்தே பம்பு வைத்து எடுக்கலாம். பெரும்பாலான தொட்டிகளுக்கு அது போதும். தவிர்க்கவே முடியாதபோது, உள்ளே வரும் குழாய்களைப் பூட்டி, புளோயரால் அடிவரை காற்று செலுத்தி, மேல், நடு, அடி மூன்றிலும் அளவிடுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 10 லட்சத்தில் 10 பங்கைத் தொட்டால் இறங்கக்கூடாது. மீட்டர் இறங்குகிறவரின் மார்பிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காற்றை வடிகட்ட மட்டும் செய்யும் கார்ட்ரிட்ஜ் முகமூடி ஆக்சிஜன் தராது. வெளியிலிருந்து காற்று வரும் குழாய் முகமூடிதான் வேண்டும். முழு உடல் பெல்ட், கயிறு, முக்காலியில் ஆளைத் தூக்கும் வின்ச், வெளியே கயிற்றைவிட்டு நகராத ஒருவர். எழுத்துச் சான்று, காற்றுக் கருவி, கயிறு, வெளியே ஆள் எல்லாம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருந்தவை.

ஆவியாக்கியில் நீர் போன பின் மிஞ்சும் கலப்பு உப்பைப் பற்றியும் ஒன்று. ஒரே நிலையத்தின் உறுப்பினர்களில் சிலர் சாதா உப்பும் சிலர் கிளாபர் உப்பும் போடுவதால் வாங்க ஆளில்லாத மூட்டைகள் ஷெட்டில் சேர்கின்றன. எல்லோரும் ஒரே உப்புக்கு ஒப்புக்கொண்டால் அது பெருமளவு குறையும். நிலத்தடி நீரில் ஏற்கெனவே இருப்பது மட்டும் கலக்கும். சாதா உப்பானால் சல்பேட் குறையும், ஆனால் எஃகை அதிகம் அரிக்கும். கிளாபர் உப்பைக் குளிர்வித்துப் பிரிப்பது எளிது, ஆனால் தொட்டியில் விழிப்பு இரட்டிப்பாக வேண்டும். முடிவு உங்களுடையது, இரண்டையும் கலக்காதீர்கள்.

நாங்கள் கேட்பது இவை. 1,000 லிட்டருக்கு எத்தனை கிலோ நீராவி என்பதை ஷிஃப்டுக்கு ஒருமுறை எழுதுங்கள். சுத்தமான நிலையைவிட 20 சதவீதம் ஏறினால் அந்த வாரமே கழுவுங்கள். ஏரேட்டர் ஓடாத தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் கழிவுநீர் தேங்கினால் சாயமிடுதலைக் குறையுங்கள். தொட்டிக்குள் இறங்கும் அனுமதிச் சீட்டில் கையெழுத்திடுபவர் உற்பத்திப் பொறுப்பில் இல்லாதவராக இருக்கட்டும். கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளிலும் அவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்; அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர் சுத்திகரிப்பிலும் பாய்லர் இயக்கத்திலும் பணிபுரியும் பொறியாளர்கள், ஆபரேட்டர்கள்