அச்சகத்து நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உன் அப்பா தொடங்கிய அச்சகத்தை ஏற்று நடத்த மறுத்துவிட்டு, மகன் பெங்களூருக்கு எழுத்துரு வடிவமைப்புக் கற்கப் போகிறான் என்று வருந்தி எழுதியிருக்கிறாய். படித்தபோது எனக்கு உ.வே. சாமிநாதையரின் தந்தைதான் நினைவுக்கு வந்தார்.

வேங்கடசுப்பையர் சங்கீதத்தால் பிழைத்தவர். மகனுக்கும் அது வரவேண்டும் என்று விரும்பியவர். ஆயினும் பையனின் மனம் தமிழில்தான் நிற்கிறது என்று கண்டபின், ஆசிரியர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவரைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகன் பாட்டும் கற்கட்டும் என்று அவர் செய்த ஏற்பாடு, மகாவித்துவானுக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் நின்றுபோயிற்று. அந்தத் தந்தை அதை எப்படித்தான் விழுங்கிக்கொண்டாரோ!

1876இல் பிள்ளை மறைந்தார். பிள்ளையின் மாணவரான தியாகராச செட்டியார், 1880இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு ஐயரைக் கொண்டுவந்தார். பின்னாளில் ஐயரின் திருவல்லிக்கேணி வீடு 'தியாகராஜ விலாசம்' ஆனது அந்த நன்றியால்தான். ஆனால் அந்த 1880 அக்டோபரில் சந்தித்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக்கொண்டே போனதைக் கேட்டும் அசையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். பிள்ளையிடம் பாடம் கேட்காத நூல் அது. 1887இல் அதைப் பதிப்பித்தவர், ஆசிரியரிடம் கற்றதற்கு அப்பால் வெகுதூரம் போய்விட்டார். எனினும் எழுபத்தெட்டு வயதில் அந்த ஆசிரியரின் வரலாற்றைத்தான் எழுதி வெளியிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்படி வாய்த்தவர் உன் அப்பா. அச்சிடுமுன் பிழை பார்க்கும் மெய்ப்பைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்வார். பொருள் ஓடினால் கண் ஏமாந்துவிடும் என்பார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் நான் 'திருமனம்' என்று விட்டுவிட, ஐந்நூறும் அச்சாகிவிட்டன. அன்றிரவு அவர் ஒரு சொல் திட்டவில்லை. மை படிந்த நகத்தால் அந்த ஒற்றை 'ன'வைத் தொட்டுக் காட்டிவிட்டு, மீண்டும் ஓட்டச் சொன்னார். மூன்றாம் ஆண்டு, கல்யாணப் பத்திரிகைகளோடு நான் நின்றுவிடக் கூடாது என்று, சென்னையில் ஒரு வார இதழுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியவரும் அவரே. தேறிய ஆளை வெளியே விடுகிறாரே என்று நீ அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாய், மறந்திருக்க மாட்டாய்.

தை பிறந்ததும் வருகிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, றா ஈய எழுத்துகள் பரணில் இன்னும் கிடக்கின்றனவா? இருந்தால் இறக்கித் துடைத்து வை. எழுத்துருவே கற்கப் போகிறவன், தும்பிக்கை வைத்த அந்த 'லை'யைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
உன் பழைய மெய்ப்புத் திருத்துநன்