நாலு பேர் சாவியும் என் பக்கெட்டில் இருந்த கதை

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். குனிந்து கோலம் போட முடியவில்லையே என்பதுதான் இப்போது அவருடைய கவலை. நீ போனில் பேசியதிலிருந்து தினமும் உன்னைப் பற்றி விசாரிக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விதை எந்த வயலில் விளைந்தது, எந்த லேபில் சோதனை ஆனது என்பதையெல்லாம் பிளாக்செயினில் (பலர் சேர்ந்து வைத்திருக்கும், யாரும் தனியாகத் திருத்த முடியாத பொது ஏட்டில்) ஏற்றப் போகிறோம், கிளவுட் ஆட்டோமேஷன் (வாடகை சர்வர்களை ஸ்கிரிப்ட் மூலம் தானாக அமைப்பது) இருக்கும்போது ஒரு மாதம் போதும் என்கிறார் மேனேஜர், நம்பலாமா என்று எழுதியிருந்தாய். நெட்வொர்க்கை எழுப்ப ஒரு மாதம் எதற்கு? ஸ்கிரிப்ட் தயாராக இருந்தால் நாற்பது நிமிடம் போதும். நான் பட்டதெல்லாம் அந்த நாற்பது நிமிடத்துக்கு அப்புறம்தான்.

திருப்பூர் வேலையைப் பற்றி உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 2020-ல் ஆர்கானிக் துணிக்கான தரச்சான்று அமைப்பான ஜி.ஓ.டி.எஸ். ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? இந்தியாவில் 20,000 டன் பஞ்சு, ஆர்கானிக் என்று போலி டி.சி. (பரிவர்த்தனைச் சான்றிதழ்) காட்டி விற்கப்பட்டிருந்தது. அந்தச் சான்றிதழில் இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசுத் தளத்தைப் போலவே செய்துவைத்த போலித் தளத்துக்குப் போகும். அதற்குப் பிறகு ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி எங்களிடம் வந்தது. மில், நிட்டிங், சாயப்பட்டறை, ஏற்றுமதி என்று நாலு பேர் கை மாறும் ஒவ்வொரு லாட்டும் நாலு பேருக்கும் பொதுவான ஏட்டில் ஏற வேண்டும், யாரும் தனியாகத் திருத்த முடியக் கூடாது. இதுதான் அவர்கள் கேட்டது. அனுமதி பெற்ற கம்பெனிகள் மட்டும் சேரும் ஓப்பன் சோர்ஸ் பிளாக்செயினான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கை எடுத்துக்கொண்டோம். கிளவுடில் மெஷின்களை உருவாக்க டெர்ராஃபார்ம், அதன் மேல் மென்பொருளை ஓட்டிப் பார்த்துக்கொள்ள குபர்நெட்டிஸ், மற்ற அமைப்புக்கெல்லாம் ஆன்சிபிள்.

முதல் முறை ஓட்டியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஒரே கட்டளை. நாலு கம்பெனிக்கும் பியர் (ஏட்டின் நகலை வைத்திருக்கும் சர்வர்), ஆர்டரர் (பதிவுகளை வரிசைப்படுத்தும் சர்வர்), சர்டிஃபிகேட் (டிஜிட்டல் அடையாள அட்டை), சேனல் (நாலு பேரும் பகிரும் ஏடு) எல்லாம் தானாக எழுந்து நின்றன. டெமோவில் கைதட்டினார்கள். அப்போது சாயப்பட்டறைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, என் கையெழுத்துச் சாவி இப்போ எங்கே இருக்கு?"

பதில் சொல்ல, டெர்ராஃபார்ம் தான் உருவாக்கியதையெல்லாம் குறித்துவைக்கும் ஸ்டேட் ஃபைலைத் திறந்தேன். நாலு கம்பெனியின் பிரைவேட் கீயும் (கையெழுத்துச் சாவி) அதில் வரிசையாக இருந்தன. டெர்ராஃபார்மிலேயே கீ உருவாக்கினால் அது ஸ்டேட் ஃபைலில் அப்படியே வெறும் எழுத்தாகத்தான் பதிவாகும். அந்த ஃபைல் இருந்ததோ எங்கள் கம்பெனியின் ஒரே பக்கெட்டில் (கிளவுட் சேமிப்பு இடம்). அதாவது நான் நினைத்தால் மில்லுக்காகவும் கையெழுத்துப் போடலாம், சாயப்பட்டறைக்காகவும் போடலாம். நாலு பேரும் ஒருவரை ஒருவர் சரிபார்க்கிறார்கள் என்று நான் மேடையில் சொன்னது உண்மையில்லை. ஒரு சாதாரண டேட்டாபேஸை நாலு மடங்கு செலவில் கட்டியிருந்தேன், அவ்வளவுதான். அவரிடம் அதை அப்படியே ஒப்புக்கொண்டேன்.

மாப்ள, உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஆட்டோமேஷன் கருவிகள் எல்லாமே ஒரு கம்பெனி, ஒரு அட்மின், ஒரு கிளவுட் அக்கவுண்ட் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. பிளாக்செயினோ, அப்படி ஒரு தனி அட்மின் இல்லாத இடத்துக்காகவே இருப்பது. இரண்டையும் யோசிக்காமல் சேர்த்தால் கருவிதான் ஜெயிக்கும், எல்லாம் ஒரே கைக்குள் வந்துவிடும்.

திருப்பி எழுத இரண்டு மாதம் ஆனது. ஸ்கிரிப்ட் பொதுவாக ஒரு கிட் ரெப்போவில் (கோடு வைக்கும் பொதுக் கிடங்கு) இருக்கும், நாலு பேரும் படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி கிளவுட் அக்கவுண்ட், தனி ஸ்டேட் ஃபைல், தனி சி.ஏ. (சர்டிஃபிகேட் வழங்கும் சர்வர்). ஓட்டுவது அவரவர் ஆள். கீ அவரவர் வால்ட்டிலேயே (சாவிப் பெட்டகம்) பிறந்து அங்கேயே இருக்கும், எங்களுக்குத் தெரியாது. ஏட்டில் எதை எப்படி எழுதலாம் என்ற விதிகள் உள்ள புரோகிராமான செயின்கோடு விஷயத்திலும் அப்படித்தான். 2020 ஜனவரியில் வந்த ஃபேப்ரிக் 2.0-விலிருந்து செயின்கோடை மாற்ற ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும், வழக்கமான அமைப்பில் பெரும்பான்மை சேர்ந்தால்தான் அது அமலுக்கு வரும். முதல் ஸ்கிரிப்டில் நாலு ஒப்புதலையும் ஒரு லூப் போட்டு நானே தட்டிவிட்டிருந்தேன்! அந்த லூப்பை அழித்தேன். பில்ட், டெஸ்ட், எல்லா இடத்துக்கும் அனுப்புவது வரை தானாக நடக்கட்டும். ஒப்புதல் மட்டும் ஓர் ஆள் படித்துப் பார்த்துத் தர வேண்டும்.

சாயப்பட்டறையில் கணக்கு பார்க்கும் பெண்தான் அவர்கள் பக்கத்து ஆள். பி.காம். படித்தவர், அதற்கு முன்பு டெர்மினலை (கட்டளை தட்டும் திரை) பார்த்ததே இல்லை. டெர்ராஃபார்ம் ஓடும் முன் காட்டும் மாற்றப் பட்டியலில் பச்சை பிளஸ் என்றால் புதிதாக வருவது, சிவப்பு மைனஸ் என்றால் அழியப் போவது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் போன் செய்தார். "சார், கடைசி வரியில மூணு சேர்க்கும், ஒண்ணு அழிக்கும்னு காட்டுது. அந்த ஒண்ணு எது?" பார்த்தால் அவர்களுடைய பியரின் டிஸ்க். நான் ஒரு பெயரை மாற்றியதில் பழைய டிஸ்க்கை அழித்துப் புதிது வைக்கப் பார்த்தது. லெட்ஜரை மற்ற பியர்களிடமிருந்து மீட்டிருக்கலாம், ஆனால் அவர்கள் தனியாக வைத்திருந்த விலை விவரம் போயே போயிருக்கும். நானும் என் டீமில் இருவரும் அதே வெளியீட்டைப் பார்த்து ஓகே சொல்லியிருந்தோம்.

அடுத்தது சர்டிஃபிகேட். இதை உன் மேனேஜரிடம் தனியாகச் சொல். ஃபேப்ரிக் சி.ஏ. தரும் சர்டிஃபிகேட்டின் ஆயுள், நாம் மாற்றாவிட்டால், 8,760 மணி நேரம். சரியாக ஒரு வருடம். நாங்கள் எல்லோரும் ஒரே ஆபீஸில் உட்கார்ந்து ஒரே பிற்பகலில் ஸ்கிரிப்டை ஓட்டினோம். அடுத்த வருடம் அதே நாள், அதே பிற்பகலில் எல்லா சர்டிஃபிகேட்டும் ஒன்றாகக் காலாவதியானது. ஐந்து ஆர்டரரில் இரண்டு விழுந்தாலும் ராஃப்ட் (ஆர்டரர்கள் பெரும்பான்மையால் ஒத்துப்போகும் முறை) தாங்கும். அன்று இரவு கிளவுட் மெஷின்கள் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனபோது ஐந்தும் ஒன்றை ஒன்று ஏற்க மறுத்துவிட்டன. புது சர்டிஃபிகேட்டை ஏற்க சேனலின் அமைப்பை மாற்ற வேண்டும், அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய ஆர்டரர் ஓட வேண்டும். ஆர்டரர்களுக்குள் நடக்கும் டி.எல்.எஸ். (பாதுகாப்பான இணைப்பு) சரிபார்ப்புக்கு மட்டும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் ஒரு செட்டிங் ஃபேப்ரிக்கில் இருக்கிறது, அதை வைத்துத்தான் மீண்டோம். ஒன்பது மணி நேரம். அதுவரை லாட் விவரத்தைப் பழைய நோட்டில் எழுதினார்கள். சாயப்பட்டறைப் பெண் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அவர் வந்து அவருடைய கீயை வைத்துப் புதுப்பிக்கும் வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்கு வருத்தமாகவே இல்லை, அவர் இல்லாமல் என்னால் முடியாது என்பதற்காகத்தானே எல்லாவற்றையும் திருப்பி எழுதினோம். இப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு மாதத்தில் புதுப்பிக்கிறோம், 60 நாள் முன்பே எச்சரிக்கை வரும்.

கிளவுட் கம்பெனிகளின் ரெடிமேட் பிளாக்செயின் சேவையை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால், அதை நம்பி வீடு கட்டாதே. மைக்ரோசாஃப்டின் அஷூர் பிளாக்செயின் சர்வீஸ் 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. அமேசானின் கியூ.எல்.டி.பி. லெட்ஜர் 2025 ஜூலையோடு முடிந்தது. ஐ.பி.எம்., மெர்ஸ்க் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் என்ற சரக்குக் கப்பல் பிளாக்செயின் தளம் கூட, பெரிய கப்பல் கம்பெனிகள் இருந்தும், 2022 நவம்பரில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மெஷினை வாடகைக்கு எடு, மேலே ஓடுவது வேறு கிளவுடுக்கும் எடுத்துப் போகக்கூடிய ஓப்பன் சோர்ஸாக இருக்கட்டும். ஃபேப்ரிக்கை குபர்நெட்டிஸில் நிறுவ ஹைப்பர்லெட்ஜர் பெவல் என்று ஆன்சிபிள், ஹெல்ம் (குபர்நெட்டிஸில் மென்பொருள் நிறுவும் கருவி) ஸ்கிரிப்டுகளின் தொகுப்பே இருக்கிறது, முதலில் அதைப் படி. இன்னொன்று: செயின்கோடை ஆரம்பத்திலேயே தனி சர்வீஸாக ஓட்டிவிடு. மென்பொருளைப் பொட்டலமாக்கி ஓட்டும் டாக்கரோடு குபர்நெட்டிஸை இணைத்த டாக்கர்ஷிம்மை 1.24 பதிப்பில் எடுத்துவிட்டதால் பியரே டாக்கரில் பில்ட் செய்யும் பழைய வழி அங்கே சரிவராது.

உன் விதை விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நேராகவே சொல்கிறேன். 2023-ல் மத்திய வேளாண் அமைச்சகம் கொண்டுவந்த சாத்தி தளமே கியூஆர் கோடு வைத்து விதையைப் பின்தொடரத்தான் வந்தது. உங்கள் நெட்வொர்க்கில் உங்கள் கம்பெனி மட்டும் எழுதப் போகிறது என்றால் பிளாக்செயினே வேண்டாம், நல்ல டேட்டாபேஸ் ஒன்று போதும். விதை விளைவிக்கும் விவசாயிகளின் குழுவும் சோதனை லேபும் தங்கள் சாவியைத் தாங்களே வைத்துக்கொண்டு எழுதுவார்கள் என்றால் சொல், நான் முழு மனதோடு கூட நிற்கிறேன். முளைப்புத்திறன் குறைந்த லாட்டை யாரும் பிறகு திருத்த முடியாது என்பது விவசாயிக்கு எவ்வளவு பெரிய விஷயம்! உன் அப்பா அந்த வருடம் முளைக்காத பருத்தி விதையால் பட்ட பாட்டை ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீ சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஒரு வேலை செய். யார் யார் எழுதுவார்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஸ்கிரிப்டை ஓட்டப் போகிற ஆள் யார் என்று ஒரு தாளில் எழுதி இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு. ஆள் பெயர் இல்லாத இடத்தை வெறுமனே விட்டுவிடு, நாமாக நிரப்ப வேண்டாம். தாள் வந்ததும் அடுத்த சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி மதுரைக்கு வந்துவிடுகிறேன். அந்த லேப்காரரையும் வரச் சொல், அவரிடம் முதலில் பேச வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய ரூம்மேட்