வேலூர்க் கோட்டைக்கு ஒரு கைப்புத்தகம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2026 ஜூலை 10 அன்று வேலூர் சிப்பாய்ப் புரட்சிக்கு 220 ஆண்டுகள் நிறைகின்றன. வழக்கம்போல மக்கான் அருகிலுள்ள நினைவுத்தூணுக்கு மாலை விழும், மறுநாள் பேப்பரில் படம் வரும், அதோடு சரி. கோட்டைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளோ அகழியைப் பார்த்து, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க எளிய தமிழில் 64 பக்கப் புத்தகம் ஒன்று அச்சிடப் போகிறோம். அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த நம்மூர்ச் சிப்பாய்கள் சும்மா கிளம்பிவிடவில்லை. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1806 மே மாதம் மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்தது, திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் எல்லாம் தலைகீழானது. சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரை ஆங்கிலேயர்கள் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பின் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்களும் உண்டு. தலைப்பாகை உத்தரவு அப்புறம் திரும்பப் பெறப்பட்டது. சென்னை கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரேடாக்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

திப்புவின் கொடி ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் போரில் விழுந்த பிறகு, அவருடைய பிள்ளைகளை இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர் சிறையிருந்ததும் இங்கேதான். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவருடைய சமாதி. மே 4, ஜனவரி 30 ஆகிய இந்த இரண்டு நாட்களுக்கும் புத்தகத்தில் தனிப் பகுதி உண்டு.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது; நாம் நினைத்த இடத்தில் பலகை நட முடியாது. புத்தகம்தான் வழி என்று முடிவு செய்தோம்.

3,000 பிரதிகள் அச்சிட, பிரதிக்கு 45 ரூபாய் வீதம் 1,35,000 ரூபாய். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஜூலை 10 அன்று கோட்டைக்கு அழைத்துவர வண்டிச் செலவு 40,000. குழுவினர் எங்களுக்குள் 60,000 போட்டுவிட்டோம். மீதி 1,15,000 ரூபாய்க்கு உங்களை நம்பியிருக்கிறோம்.

45 ரூபாய் தந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம். நன்கொடையாளர் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் அகர வரிசையில் வரும், தொகை போட மாட்டோம். படம் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். பிளக்ஸுக்கும் பொன்னாடைக்கும் இதிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது.

அச்சகத்துக்கு மே மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். குழு உறுப்பினரிடம் நேரில் கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தராதீர்கள். வரவு செலவுக் கணக்கை ஆகஸ்டில் எல்லோருக்கும் அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
கைப்புத்தகக் குழுவினர், வேலூர்