இறக்கத்தையும் கணக்கில் சேருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த மலையூர்ப் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, படங்கள் இன்னும் நன்றாக இருந்தன. ஆனால் 'மூன்று நாள் ஓய்வு' என்று தலைப்பில் போட்டுவிட்டு, முதல் நாள் காலையில் போய் இறங்கியதும் பையை அறையில் வைத்துவிட்டு மலைமுகட்டுக்கு நடக்கக் கிளம்புங்கள் என்று உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, தூக்கமும் இல்லாமல் குமட்டலோடு வந்து இறங்குகிறவர்களுக்கு இது ஓய்வா?

சிரித்தேனே தவிர, நானும் இதையே செய்து மாட்டிக்கொண்டவன்தான். பல வருடங்களுக்கு முன்பு நண்பர்கள் மூன்று பேர் போயிருந்தோம். முகட்டுக்கு 5 கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருந்தது. தினமும் காலையில் அந்தத் தூரம் நடக்கிறவர்கள் என்ற தெம்பில், ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை என்று பேசிக்கொண்டு மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். அந்த 5 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற வேண்டும் என்பதைப் பலகையும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் எங்கள் ஏற்றத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம், அதுவும் நல்ல உடல் பழக்கம் உள்ளவர்கள் எங்கும் உட்காராமல் நடந்தால். நாங்கள் பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தவர்கள், மேலே போய்ச் சேரவே நாலு மணி ஆகிவிட்டது. அங்கே குளிர் வேறு. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பார்கள். கீழே சட்டைக்கு இதமாக இருந்த காற்று, மேலே வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டையில் பட்டதும் பல் கிட்டியது. ஸ்வெட்டர் எங்கே என்கிறீர்களா? அறையில், பைக்குள் பத்திரமாக.

சரி, ஏறியாகிவிட்டது, இறங்குவது சுலபம்தானே என்று நினைத்தோம். மூச்சுக்கு வேண்டுமானால் சுலபம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, தசை இழைகள் நுணுக்கமாகச் சேதமாவது அதில்தான். பாதி வழியிலேயே முழங்கால் ஆட ஆரம்பித்தது. மலை மறைப்பதால் பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே போய்விடும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரை ஒரே ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு, பாதி தூரம் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தோம். ஷூ லேஸை இறுக்கிக் கட்டாததால் விரல்கள் முன்னால் இடித்து இடித்து இரண்டு நகம் கறுத்துப்போனது தனிக்கதை.

வேடிக்கை என்னவென்றால் மறுநாள் காலை அவ்வளவாக வலிக்கவில்லை. அதற்கடுத்த நாள்தான் விடுதியின் ஆறு படிகளைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். இந்த வலி இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் உங்கள் கட்டுரைத் திட்டப்படி முதல் நாள் முகடு ஏறினால், மீதி இரண்டு நாள் ஓய்வு கட்டாயம் கிடைக்கும், அதை மறுக்க மாட்டேன்!

என்னைக் கேட்டால் முதல் நாள் எங்கேயும் ஏறவே கூடாது. தூங்குங்கள், ஊருக்குள் சும்மா சுற்றுங்கள், மேகம் வருவதையும் போவதையும் பாருங்கள். ஊர் 2,500 மீட்டருக்கு மேலே இருந்தால் இது இன்னும் முக்கியம். அந்த உயரத்துக்கு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும், தூக்கமும் கெடும். அதோடு மேலும் ஏறுவது ஆபத்து. நடையை இரண்டாம் நாள் விடிந்ததும் வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் நினைவு வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வேண்டும், வெயிலும் அப்படித்தான், சுடாது, ஆனால் தோலைக் கறுக்கடித்துவிடும்.

கட்டுரையாளரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் இளைஞராக இருக்கலாம், முழங்கால் இன்னும் அவரோடு பேச ஆரம்பித்திருக்காது. அடுத்த தடவை நடைபாதைகளைப் பற்றிப் போடும்போது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் எத்தனை மீட்டர் ஏற்றம் என்பதையும், எத்தனை மணிக்குள் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். இரண்டு வரி இடம்தான் ஆகும். படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.

அன்புடன்,
பழைய வாசகன் ஒருவன்